மாடியில விழுந்த மழை யாரோடது?

போன ஐப்பசி மழையில ஹாஸ்டல் வராண்டாவுல உட்கார்ந்திருந்தப்போ ஒரு ஜூனியர் பையன் மொபைலை நீட்டினான். இன்ஸ்டாகிராம் ரீல். "அமெரிக்காவில் மழைத்தண்ணீர் பிடித்தால் ஜெயில்!" அப்படின்னு சிவப்பு எழுத்து, பின்னாடி பேய்ப்பட மியூசிக். "அண்ணா, இது நிஜமா? நீங்க சிவில்தானே?" என்று கேட்டான். சிவில் படிச்சா சட்டமும் தெரியும்னு நினைக்கிறான் பாவம். எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கேள்வியை என்னால விட முடியல. ஏன்னா அதே மாசம் எங்க அப்புச்சி தோப்புல கிட்டத்தட்ட அதே பிரச்சனை ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல ரீல்.

அந்த ரீல் பாதி உண்மை. அது சொல்றது ஓரிகான் மாநிலத்துல 2012-ல ஒரு நிலக்காரருக்கு 30 நாள் சிறைத்தண்டனை கிடைச்ச வழக்கு. ஆனா அவர் வாளியில மழை பிடிச்சு உள்ளே போகலை. தன் நிலத்துல தண்ணி ஓடி வர்ற இடத்தை மறிச்சு கரை கட்டி, மூணு நீர்த்தேக்கம் வச்சிருந்தாரு. அதுல மீன் வளர்த்தாரு, படகு கூட இருந்துச்சு. மொத்தத் தண்ணி சுமார் 20 ஒலிம்பிக் நீச்சல் குளம் அளவு. "இது என் நிலத்துல பெய்யற மழை, உருகுற பனி, அவ்வளவுதான்" என்பது அவர் வாதம். "அந்தத் தண்ணி போய்ச் சேர்ற ஓடையோட உரிமை 1925-லயே மெட்ஃபோர்ட் நகரத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தாச்சு" என்பது அரசு வாதம். பத்து வருஷம் இழுத்தடிச்ச சண்டை அது. இதுல காமெடி என்னன்னா, அதே ஓரிகான்ல வீட்டுக் கூரைத் தண்ணியை டேங்கில பிடிக்க எந்த பெர்மிட்டும் வேண்டாம்.

உண்மையிலேயே கூரைத் தண்ணிக்குத் தடை இருந்த மாநிலம் கொலராடோ. அங்கே தண்ணிச் சட்டம் ஓடுறது எப்படின்னா, நம்ம ஊர் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. யார் முதல்ல ஆத்துத் தண்ணியை எடுத்து பயன்படுத்த ஆரம்பிச்சாங்களோ அவங்களுக்குத்தான் முதல் உரிமை. சுரங்கக்காரங்களும் விவசாயிகளும் 1800-கள்ல போட்ட துண்டு இன்னிக்கும் செல்லும். 1880-ல பதிவு செஞ்சவர் தன் பங்கு முழுசா எடுத்த பிறகுதான் 1950-ல பதிவு செஞ்சவருக்கு. நிலம் யாரோடதுங்கிறது இங்க விஷயமே இல்லை. ஆத்துத் தண்ணி மொத்தமும் இப்படி ஏற்கெனவே பங்கு போட்டாச்சுன்னா, உங்க கூரையில விழற மழையும் எப்படியும் ஆத்துக்குப் போகவேண்டிய தண்ணிதானே? அப்போ நீங்க பீப்பாய் வச்சுப் பிடிச்சா, கீழே இருக்கிற ஒருத்தரோட சொத்தைப் பிடிக்கிறீங்க. லாஜிக் அப்படிப் போகுது.

காகிதத்துல சரியாத்தான் இருக்கு. ஆனா டென்வர் பக்கத்துல டக்ளஸ் கவுண்டியில ஒரு ஆய்வு செஞ்சாங்க. சராசரி வருஷத்துல அங்க பெய்யற மழையில சுமார் 97 சதவீதம் எந்த ஓடைக்கும் போகவே இல்லை. செடி குடிச்சிடுது, மீதி ஆவியாப் போயிடுது. அதுக்கப்புறம் 2009-ல கொஞ்சம் தளர்த்தினாங்க, 2016-ல சாதாரண வீடுகளுக்கும் அனுமதி வந்துச்சு. எவ்வளவு தெரியுமா? ரெண்டு பீப்பாய். மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர். தோட்டத்துக்கு மட்டும்.

ஒரு சின்னக் கணக்கு, பழக்க தோஷம். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர். 1000 சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். அப்போ 416 லிட்டர் நிரம்ப நாலரை மில்லிமீட்டர் மழை போதும். நம்ம ஊர்ல டீ ஆர்டர் பண்ணி அது வர்றதுக்குள்ள அவ்வளவு பெஞ்சிடும். ஒரே நாள்ல 10 சென்டிமீட்டர் கொட்டுச்சுன்னா அதே மாடியில 9300 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரியில முக்கால் பங்குக்கு மேல.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இங்க கதை அப்படியே தலைகீழ்.

நிலம் வாங்கினா தண்ணி இலவசம்

நம்ம தண்ணி உரிமைக்கு அடிப்படையா இன்னிக்கும் வக்கீல்கள் காட்டறது 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம். நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அது முதல்ல அமலுக்கு வந்த இடங்கள்ல மதராஸ் மாகாணமும் ஒண்ணு. அதோட 7-ஆவது பிரிவுல எடுத்துக்காட்டுகள் வரிசையா இருக்கு. அதுல ஒண்ணு சொல்றதோட சாரம் இது: தன் நிலத்துக்கு அடியிலயும் மேலயும் இருக்கிற தண்ணி, குறிப்பிட்ட ஒரு வாய்க்கால் பாதையில ஓடாத வரைக்கும், அதைச் சேர்த்து வைக்கவும் தன் இஷ்டப்படி பயன்படுத்தவும் நில உரிமையாளருக்கு உரிமை உண்டு.

முதல் தடவை படிச்சப்போ நான் கவனிச்சது "அடியிலயும் மேலயும்" என்ற வார்த்தையைத்தான். அதாவது மழைநீரும் நிலத்தடி நீரும் ஒரே வாக்கியத்துல. கொலராடோகாரர் இதைப் படிச்சா மயக்கம் போட்டு விழுவாரு. "குறிப்பிட்ட பாதையில ஓடாத வரைக்கும்" என்ற பாதி வாக்கியத்தை நான் தாண்டிப் போயிட்டேன். அது தப்புன்னு பின்னாடி தெரிஞ்சது.

இந்த யோசனை இங்கிலாந்துல இருந்து வந்தது. 1843-ல அங்க ஒரு வழக்கு, ஆக்டன் எதிர் பிளண்டெல். ஒரு பருத்தி ஆலைக்காரரோட கிணறு, பக்கத்துல நிலக்கரிச் சுரங்கம் தோண்டினதால வத்திப்போச்சு. நஷ்டஈடு கேட்டாரு. கிடையாதுன்னு தீர்ப்பு. ஆத்துத் தண்ணி கண்ணுக்குத் தெரியுது, அதுல யார் பங்கு எவ்வளவுன்னு சொல்லலாம். பூமிக்கடியில கசியற தண்ணி எப்படிப் போகுதுன்னு யாருக்குத் தெரியும், அதனால அவங்கவங்க நிலத்துக்குக் கீழே இருக்கிறதை அவங்கவங்க எடுத்துக்கலாம். இதுதான் காரணத்தோட சுருக்கம். 1895-ல பிராட்ஃபோர்ட் நகராட்சி எதிர் பிக்கிள்ஸ் என்ற வழக்கு இன்னும் ஒரு படி மேலே. நகரத்துக்குத் தண்ணி போற ஊத்துகளுக்கு மேட்டுல பிக்கிள்ஸ் நிலம். அவர் அங்க குழி தோண்டி ஊத்தைக் கெடுத்தாரு. நகராட்சி தன்னை விலை கொடுத்து சரிக்கட்டணும்னு வேணும்னே செய்யறாருன்னு குற்றச்சாட்டு. பிரபுக்கள் சபை என்ன சொல்லுச்சுன்னா, உரிமை இருக்கிற ஒருத்தர் கெட்ட எண்ணத்தோட அதைச் செஞ்சாலும் அது சட்டவிரோதம் ஆகாது.

1843-ல ஹைட்ராலஜின்னு ஒரு பாடமே உருப்படியா இல்லை. டார்சியோட விதியே 1856-லதான் வந்துச்சு, நாமெல்லாம் செமஸ்டருக்குப் படிச்சு மறந்த அதே டார்சி. பம்ப் ஓடும்போது போரைச் சுத்தி நிலத்தடி நீர்மட்டம் புனல் மாதிரி கீழே இறங்கும், அந்தப் புனல் அகலமாகி பக்கத்துக் கிணத்தைத் தொட்டா அங்க தண்ணி இறங்கும் என்பது இன்னிக்கு மூணாம் வருஷப் பாடம். சட்டம் மட்டும் "யாருக்குத் தெரியும்" என்ற இடத்துலயே நிக்குது.

பிளாச்சிமடை

இந்தப் பழைய விதி நம்ம பக்கத்துல மோதி நின்ன இடம் பிளாச்சிமடை. பாலக்காடு மாவட்டம், பெருமாட்டி பஞ்சாயத்து. பொள்ளாச்சியில இருந்து எல்லை தாண்டினா சீக்கிரம் வந்துடும். 2000-ல அங்க கோக கோலா கம்பெனி சுமார் 34 ஏக்கர் இடத்துல ஆலை ஆரம்பிச்சது. போர் போட்டு நிலத்தடி நீரை எடுத்தாங்க. சுத்தியிருந்த கிணறுகள்ல தண்ணி குறைஞ்சது, இருந்த தண்ணியும் வாயில வைக்க முடியலன்னு ஆதிவாசி மக்கள் 2002 ஏப்ரல்ல ஆலை வாசல்ல உட்கார்ந்துட்டாங்க. இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அந்தப் போராட்டத்தோட முகமா இருந்தாங்க. 2003-ல பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துச்சு. கேஸ் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு.

ஒரே நீதிமன்றம், ரெண்டு தீர்ப்பு. 2003 டிசம்பர்ல தனி நீதிபதி சொன்னது: நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதுக்கு அறங்காவலர் மாதிரி, நிலம் இருக்குங்கிறதுக்காக ஒரு கம்பெனி வரம்பில்லாம எடுக்க முடியாது, அதே அளவு நிலத்துல விவசாயம் செஞ்சா எவ்வளவு எடுப்பாங்களோ அவ்வளவுதான் எடுக்கலாம். 2005 ஏப்ரல்ல ரெண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாத்திடுச்சு. சட்டம் எதுவும் தடுக்காத வரைக்கும் நில உரிமையாளர் தண்ணி எடுக்கலாம், நிபுணர் அறிக்கைப்படி ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வரை சரின்னு சொன்னாங்க. 12,000 லிட்டர் லாரி கணக்குல சுமார் 42 லாரி. தினமும்.

கம்பெனி ஜெயிச்சுது, ஆனா ஆலை 2004 மார்ச்ல நின்னது நின்னதுதான். உச்ச நீதிமன்றத்துல அப்பீல் வருஷக்கணக்கா கிடந்து, திரும்ப ஆரம்பிக்கிற எண்ணம் இல்லைன்னு 2017-ல கம்பெனியே சொன்னதும் முடிஞ்சுபோச்சு. அதனால, "தண்ணி நிலக்காரரோடதா, பொதுவா?" என்ற கேள்விக்கு அந்த வழக்குல கடைசி பதில் வரவே இல்லை. எனக்கு இதுதான் எரிச்சல். அவ்வளவு பெரிய போராட்டம், கேள்வி அப்படியே நிக்குது.

தமிழ்நாட்டுல? மழைநீர் சேகரிப்புல நாமதான் முன்னோடின்னு நியாயமா பெருமைப்படலாம். 2003-ல அவசரச் சட்டம் போட்டு பழைய கட்டிடம், புதுக் கட்டிடம் எல்லாத்துக்கும் கட்டாயம் ஆக்கினாங்க, இல்லன்னா குடிநீர் இணைப்பு கட்னு மிரட்டல் வேற. கொலராடோல பிடிச்சா குத்தம், இங்க பிடிக்கலைன்னா குத்தம். அதே 2003-ல நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த ஒரு தனிச் சட்டமும் போட்டாங்க. அது நடைமுறைக்கே வராம 2013-ல ரத்து ஆயிடுச்சு. சென்னைப் பகுதிக்கு மட்டும் 1987-லயே தனிச் சட்டம் இருக்கு. ஆக, தண்ணியை பூமிக்குள்ள போடறது எல்லாரோட கடமை. வெளியே எடுக்கிறது யார் போர் ஆழமோ அவங்க சாமர்த்தியம்.

அப்புச்சி தோப்பு

இப்போ வீட்டு விஷயம். அம்மாவோட ஊர் பொள்ளாச்சிக்குக் கிழக்கே. அப்புச்சிக்கு நாலு ஏக்கர் தென்னை, 70 அடி திறந்த கிணறு. மேக்கே, கொஞ்சம் மேட்டுல இருக்கிற தோப்பை சில வருஷத்துக்கு முன்னாடி வெளியூர்க்காரர் ஒருத்தர் வாங்கினாரு. 900 அடிக்கு போர். ராத்திரி ராத்திரி டேங்கர் வண்டி. அடுத்த பங்குனியில எங்க கிணத்துல மோட்டார் கால் மணி நேரம்கூட ஓடல.

விவசாய இலவச கரண்ட்ல எடுத்த தண்ணியை வண்டிக்கு விக்கக் கூடாது, மின்வாரியத்துல புகார் கொடுத்தா நிறுத்திடுவாங்கன்னு மாமா தைரியமா கிளம்பினாரு. போய்ப் பார்த்தா அந்தாளு காசு கட்டி கமர்ஷியல் சர்வீஸ் வாங்கி வச்சிருக்காரு. புகார் அதோட அவுட்.

போன வருஷம் ரெண்டாவது அடி. ரெண்டு தோப்புக்கும் நடுவுல ஒரு பள்ளம் உண்டு. எங்க பக்கம் பள்ளம்னா மழைக்காலத்துல மட்டும் தண்ணி போற சின்ன ஓடை. அந்தத் தண்ணி வந்து எங்க குட்டையில நிக்கும், குட்டையில நின்னா கிணறு ஊறும். அவர் ஜேசிபி வச்சு பள்ளத்துக்குக் குறுக்கே மண் கரை போட்டு, அந்தத் தண்ணியைத் தன் பண்ணைக்குட்டைக்குத் திருப்பிட்டாரு. தார்ப்பாய் விரிச்ச குட்டை, ஒரு சொட்டு கீழே இறங்காது. அப்புச்சி போய்க் கேட்டதுக்கு சிரிச்சுக்கிட்டே, "ஏனுங்க, மழைநீரைச் சேமிங்கன்னு கவர்மென்டே சொல்லுது, நான் சேமிக்கிறேன், தப்புங்களா?" என்றாராம். அப்புச்சி பதில் சொல்லாம வந்துட்டாரு. வீட்டுக்கு வந்தும் பேசல. அம்மாயி சாப்பாடு போட்டு கூப்பிட்டும் எந்திரிக்கல.

தீபாவளி லீவுக்குப் போனப்போ நானும் மாமாவும் அப்புச்சியை பொள்ளாச்சியில ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனோம். நான் ரீல் பார்த்துட்டு தேடிப் படிச்ச கெத்துல 7-ஆவது பிரிவைப் பத்தி ஆரம்பிச்சேன், சட்டம் நமக்கு எதிரா இருக்குன்னு. அவர் முழுசா கேட்டுட்டு, "தம்பி, பாதி படிச்சிருக்கீங்க" என்றார்.

போர் விஷயத்துல நான் சொன்னது சரியாம். அந்த போரும் எங்க கிணறும் ஒரே தண்ணியைத்தான் குடிக்குதுன்னு நிரூபிக்கவே கஷ்டம். எங்க பக்கம் கெட்டிப் பாறை, தண்ணி பாறை வெடிப்புகள்ல ஓடுது, எந்த வெடிப்பு எங்க போய் சேருதுன்னு கோர்ட்டுல காட்ட முடியாது. நிரூபிச்சாலும் பழைய சட்டம் அவர் பக்கம். ஆனா பள்ளம் வேற. நான் தாண்டிப் போன அந்தப் பாதி வாக்கியம்தான் விஷயம். மழைத்தண்ணி நிலத்து மேல பரவலா வழிஞ்சு வந்தா, அதை அவர் தேக்கலாம். இயற்கையா ஒரு பாதை பிடிச்சு ஓட ஆரம்பிச்சுட்டா அது நீரோடை. அது தன் நிலத்துக்குள்ள தடையில்லாம வந்து சேரணும்னு கேட்க கீழே இருக்கிறவருக்கு உரிமை உண்டு. அதுவும் அதே 7-ஆவது பிரிவுல, அடுத்த எடுத்துக்காட்டுல இருக்கு. மேலே இருக்கிறவர் குடிக்க, மாட்டுக்கு, பாசனத்துக்கு எடுத்துக்கலாம், கீழே இருக்கிறவங்களுக்குப் பெரிய பாதிப்பு வராத அளவுக்கு.

"வருஷத்துல ரெண்டு மாசம்தான் சார் ஓடும், அது நீரோடை ஆகுமா?" என்று மாமா கேட்டாரு. ஆகுமாம். விட்டு விட்டு ஓடினாலும் நீரோடைதான்னு அந்தப் பிரிவோட விளக்கத்துலயே இருக்கு. இயற்கையா ஓடணும், அதோட பாதை தெரிஞ்ச பாதையா இருக்கணும். அவ்வளவுதான்.

கரை கட்டித் தண்ணி தேக்கறதையே தப்புன்னு சட்டம் சொல்லலைங்கறதுக்கு அவர் ஒரு பழைய வழக்கும் சொன்னாரு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. இங்கிலாந்துல 1868-ல ஒரு ஆலைக்காரர் கட்டின நீர்த்தேக்கம் உடைஞ்சு பக்கத்துச் சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு, தப்பே செய்யலைன்னாலும் நஷ்டஈடு கொடுன்னு தீர்ப்பு. ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர், லா படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். அதை வச்சு மதராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார் மேல கேஸ் போட்டுச்சு. ஏரி உடைஞ்சு எங்க ரயில் பாலங்கள் போச்சு, காசு கொடுன்னு. 1874-ல லண்டன் பிரிவி கவுன்சில் முடியாதுன்னு சொல்லிடுச்சு. இங்க ஏரிங்கறது ஒருத்தர் தன் லாபத்துக்குக் கட்டினது இல்லை, காலங்காலமா ஊர் பாசனத்துக்கு இருக்கிறது, அதைப் பராமரிக்கிறது ஜமீன்தாரோட கடமை, அவர் நினைச்சாலும் மூட முடியாது. கவனக்குறைவு இருந்தாத்தான் பொறுப்புன்னு. இங்கிலாந்துச் சட்டத்தை நம்ம ஏரிக்கு அப்படியே ஒட்ட முடியாதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட இடம் இது. கிணத்து விஷயத்துல மட்டும் ஏன் ஒத்துக்கலைன்னு நான் கேட்டேன். வக்கீல் சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு.

அடுத்த கேள்வி எஃப்எம்பி. புலப்பட வரைபடம், நம்ம சர்வே எண்ணுக்கு அரசு வச்சிருக்கிற ஸ்கெட்ச். ஆன்லைன்லயே எடுக்கலாம், உங்க வீட்டு நிலத்துக்கும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க, நல்லது. அதுல ஓடை புறம்போக்குன்னு தனி எண் இருந்தா அந்த இடம் அவர் பட்டாவே இல்லை, கரையை எடுக்கச் சொல்லி தாசில்தாருக்கு நேரா மனு கொடுக்கலாம். ராத்திரி என் லேப்டாப்ல எடுத்தோம். ஓடை இருந்துச்சு. எங்க குட்டையில இருந்து மேக்கே போய், அவர் தோப்புக்குள்ள பாதி தூரம் ரெண்டு கோடா ஓடி, அப்படியே நின்னுடுச்சு. நான் ஸ்கேல் போட்டு அளந்தேன். அவர் போட்ட கரை அந்தக் கோடு முடியற இடத்துக்கு மேலே, ஏறத்தாழ இருபது மீட்டர் தள்ளி. தெரிஞ்சு செஞ்சாரா, தற்செயலான்னு தெரியல. மாமா தெரிஞ்சுதான்னு சத்தியம் பண்றாரு.

வரைபடத்துல கோடு இல்லைன்னா கேஸ் போச்சுன்னு அர்த்தம் இல்லையாம். "தெரிஞ்ச பாதை"ன்னு சட்டம் சொல்றது வரைபடத்துல இருக்கிற பாதையை மட்டும் இல்லை. அந்த மேல்பாதி பள்ளத்துல தண்ணி ஓடிப் பார்த்தவங்க சாட்சி சொல்லலாம். அந்த இடத்தை அவர் ஜேசிபி வச்சு சமப்படுத்திட்டதால, இப்போதைக்கு ஆதாரம் ஜனங்க ஞாபகம்தான். பேர் எழுதிக் கொடுங்கன்னு வக்கீல் கேட்டிருக்காரு. சர்வேயருக்கும் மனு போட்டிருக்கோம், இன்னும் தேதி வரல.

லீவு முடிஞ்சு கிளம்பற அன்னிக்குக் காலையில அப்புச்சி என்னைத் திண்ணையில உட்கார வச்சு, "எழுதிக்க கண்ணு" என்றார். சின்ன வயசுல அந்தப் பள்ளத்துல அவரோட மீன் பிடிச்சவங்க, மாடு மேய்ச்சவங்க பேரா சொல்லச் சொல்ல நான் போன்ல டைப் பண்ணினேன். அஞ்சு பேர் சொன்னாரு. அதுல மூணு பேர் இப்ப இல்லைன்னு அம்மாயி சமையல்கட்டுல இருந்து சொன்னாங்க.